அவளே சொல்லட்டும்

மே 8

பிளஸ் டூவில் பூங்கோதைதான் பள்ளியில் முதல் மதிப்பெண். கணக்கிலும் இயற்பியலிலும் நூற்றுக்கு நூறு. வேதியியலில் ஒன்று குறைந்ததற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி சாந்தாமணி ஒரு ரவா லட்டை அவள் வாயில் திணித்து அதைச் சரிசெய்தாள்.

மைதா கம்பெனிக்காரர் கொடுத்த டைரி பேக்கரிக் கல்லாவுக்கு அடியில் வெறுமனே கிடந்தது. மகள் கல்லூரியில் போய் உட்காரும் வரைக்கும் நடப்பதை இதில் எழுதி வைக்கலாம் என்று எடுத்திருக்கிறேன். பின்னால் பெரிய இன்ஜினியரான பிறகு படித்துச் சிரிக்கட்டும்.

கடைக்கு ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். ரொட்டி அலமாரிக்கு முன்னால் கோதையை நிறுத்திப் போட்டோ எடுத்துவிட்டு, "அடுத்து என்னம்மா படிக்கப் போறீங்க?" என்று கேட்டார். கோதைக்குப் பேச்சு திக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதிலும் 'க'வும் 'ப'வும் வந்தால் வார்த்தை உள்ளேயே நின்றுவிடும். ஈரோட்டில் பேச்சுப் பயிற்சிக்குக்கூட இரண்டு வருடம் அழைத்துப் போனோம். ஓரளவு குறைந்தது. வீட்டில் நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அங்கே ஏதேதோ சொன்னார்கள், பாதி மறந்துவிட்டது.

அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்து நின்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். "கம்ப்யூட்டர் சயின்ஸுங்க. மெட்ராஸ்ல அந்தப் பெரிய காலேஜ்ல." அவர் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்தால் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. அவள் பாதி சொன்னாலே மீதி எனக்குத் தெரிந்துவிடும்.

மே 9

பேப்பரில் வந்துவிட்டது! 'கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பதே என் லட்சியம் என்று மாணவி கூறினார்.' வெட்டி, பஃப்ஸ் வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டினேன். கோதை அதை இரண்டு தடவை படித்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல.

மே 21

திருப்பூரிலிருந்து கந்தவேல் மச்சான் வந்திருந்தார். சாந்தாமணியின் அண்ணன், பனியன் கம்பெனியில் மேனேஜர், நாலு தேசம் போய் வந்தவர். பெரிய காலேஜ்தான் என்றதும் என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"மாப்ள, அந்தக் காலேஜ் பேரச் சொன்னாப் போதும், அமெரிக்காக்காரன் எந்திரிச்சு சேரு எடுத்துப் போடுவான். எங்க கம்பெனி பூராத்துக்கும் சொல்லிப்போட்டேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "இவளுக்கு அதுதான் தோது. அங்கெல்லாம் ஆரும் ஆரையும் எதுவும் கேக்க மாட்டாங்க. மார்க்குதான் பேசும்" என்றார்.

எனக்கும் அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்தது. மார்க்கு பேசினால் கோதை பேச வேண்டியதில்லை.

ஜூன் 6

அடுப்பில் சூடு ஏறவில்லை. காலையிலிருந்து மெக்கானிக்கோடு மல்லுக்கட்டல். பிரெட் இல்லாமல் வாடிக்கையாளர்கள் திரும்பிப் போனார்கள். வேறொன்றும் எழுதத் தெம்பில்லை.

ஜூன் 14

சென்னை போய் வந்தோம். சேர விரும்புகிறவர்கள் வந்து சுற்றிப் பார்க்கலாம் என்று அந்தக் கல்லூரியில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். நானும் கோதையும் மட்டும் போனோம்.

என்ன கட்டடம், என்ன மரங்கள்! வாசலிலிருந்து ஆடிட்டோரியம் போவதற்குள் எனக்குக் கால் வலித்துவிட்டது. ஊரிலுள்ள முதல் மதிப்பெண்ணெல்லாம் அங்கேதான் வந்திருந்தது. கோதையை வரிசையில் நிறுத்திவிட்டு நான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அவள் கழுத்தில் பெயர் அட்டை தொங்கியது. அதில் 'பூர்ணிமா' என்று இருந்தது.

"என்ன கண்ணு இது?"

"'பூ'வுல நின்னுட்டேன். பின்னாடி கூட்டமா இருந்துச்சு. அட்ட எழுதற அண்ணன் பூர்ணிமாவான்னு கேட்டாரு. சரின்னுட்டேன்."

"வா, நான் மாத்தித் தரச் சொல்றேன்."

"இருக்கட்டுங்கப்பா. ஒரு நாளைக்குத்தானே?"

பாவம், அந்தப் பையனைக் குற்றம் சொல்ல முடியாது. நல்ல மரியாதையான பையன். ஆயிரம் பேருக்கு அட்டை எழுத வேண்டும் என்றால் என்ன செய்வான்?

ஆடிட்டோரியத்தில் அருமையாகப் பேசினார்கள். எந்தெந்தக் கம்பெனி வருகிறது, முன்பு படித்தவர்கள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்று திரையில் காட்டினார்கள். கேள்வி கேட்கலாம் என்றதும் ஐம்பது கை உயர்ந்தது. எல்லாம் படபடவென்று இங்கிலீஷில். கோதை கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்த நாமக்கல் பையன் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "அங்கிள், இங்க கெடைச்சா வீட்டுக்கே வர மாட்டேன்" என்றான்.

வீடு வந்ததும் சாந்தாமணி, "எப்படி கண்ணு இருந்துச்சு?" என்றாள்.

"நல்லாருந்துச்சும்மா" என்றாள் கோதை. திக்கவே இல்லை. பாருங்கள், இடம் பிடித்துவிட்டது.

ஜூன் 20

இன்று கோதை போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஓடுகிற வாய்க்காலில் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு கம்பியைப் பிடித்து எதையோ அளக்கிறார்கள். ஒருத்தி வழுக்கி விழுகிறாள். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். தென்காசிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் மேலச்செங்குளம் என்ற ஊரில் கல்லூரியாம். வேளாண் பொறியியலாம். நான் கேள்விப்பட்டதே இல்லை. கடைக்கு வந்த யாரும் கேள்விப்பட்டதில்லை.

"வாய்க்கால்ல எறங்கறதுக்கு எதுக்கு கண்ணு காலேஜ்? நம்மூரு வாய்க்கால்ல எறங்குனா ஆரு வேண்டாங்கறாங்க?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சாந்தாமணிதான் உள்ளே வந்தாள். "ஏனுங்க, குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சுருச்சாமா. கல்யாணத்துக்கு முந்தி போனது. ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்லாமா?"

குற்றாலம் என்றால் சரி. கல்லூரி போகிற வழியில் இருக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

ஜூன் 28 (குற்றாலம், லாட்ஜ்)

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சாரல். மேலச்செங்குளம் கல்லூரிக்கு வாசல் என்று ஒன்று இருக்கிறது, கதவு இல்லை. உள்ளே நாலைந்து ஓட்டுக் கட்டடங்கள், பின்னால் மலை, பக்கத்தில் குளம். ஆடிட்டோரியம் இல்லை. அட்டையும் இல்லை. வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "ஏ முப்பிடாதி! ஆளு வந்திருக்காக" என்று கத்தினார்.

ஈரக் காலோடு ஒரு பெண் ஓடி வந்தது. இரண்டாம் ஆண்டு படிக்கிறாளாம். "வாங்க மாமா, வாங்கத்தே. நனைஞ்சிட்டீகளே" என்று அவளே சொந்தமாகிவிட்டாள். கோதையைப் பார்த்து, "உன் பேரு என்னட்டி?" என்றாள்.

கோதை "பூ" என்று ஆரம்பித்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி என் கையைப் பிடித்து, "அங்க பாருங்க, மயிலு" என்றாள். திரும்பிப் பார்த்தேன். மயிலும் இல்லை குயிலும் இல்லை. அதற்குள் கோதை முழுப் பெயரையும் சொல்லி முடித்திருந்தாள். முப்பிடாதி எங்கும் போகிற அவசரத்தில் இருக்கிற மாதிரி தெரியவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள்.

"பூங்கோதையா! நல்ல பேருட்டி. என் பேரைக் கேட்டா சென்னையில ஒருத்தன் மூணு தடவ திருப்பிச் சொல்லச் சொன்னான்."

வாய்க்காலுக்கே அழைத்துப் போனாள். அங்கே பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஒருவர் தண்ணீரில் நின்றார். அவர்தான் வாத்தியாராம். கரையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்.

"ஒனக்கு என்னம்மா தெரிஞ்சுக்கிடணும்?" என்று கோதையைக் கேட்டார்.

கோதை "க" என்றாள். நின்றாள். மறுபடியும் "க" என்றாள்.

"கம்ப்யூட்டர் லேப் எப்படி இருக்குன்னு கேக்கறாங்க சார்" என்றேன்.

முப்பிடாதி என் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "அவளே சொல்லட்டும் மாமா. நமக்கு என்ன பஸ்ஸா போகுது?"

எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் மூஞ்சியைத் திருப்பவில்லை, செருமவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான்தான் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தேன்.

"கடைமடைக்கு ஏன் சார் தண்ணி வர மாட்டீங்குது? எங்க அம்மாவப் பெத்த அமுச்சி ஊட்டுக் காடு வாய்க்கா முடியற எடத்துல இருக்குது. அணையில தண்ணி ரொம்பி இருந்தாலும் எங்களுக்கு வராது. மேல இருக்கறவங்க திருடறாங்கன்னு சொல்றாங்க. அப்படி எல்லாத் தண்ணியையும் திருட முடியுமுங்களா?"

கம்ப்யூட்டர் லேப் இல்லை. சரி, நானும் ஒன்றும் பெரிதாகத் தவறாகச் சொல்லிவிடவில்லை. இரண்டும் 'க'வில்தான் ஆரம்பிக்கிறது.

வாத்தியார் தாடையைத் தடவினார். "எனக்குத் தெரியாதேம்மா" என்றார். ஒரு வாத்தியார் தெரியாது என்று சொல்லி நான் இன்றுதான் கேட்கிறேன். "திருட்டாவும் இருக்கலாம், கசிவாவும் இருக்கலாம், சரிவு வாட்டம் சரியில்லாமலும் இருக்கலாம். ஒங்க வாய்க்கால நான் பாத்ததில்லையே. நீதான் அளந்து வந்து எனக்குச் சொல்லணும்." கையிலிருந்த கம்பியை அவளிடம் நீட்டினார். கோதை செருப்பைக் கழற்றிவிட்டு, நல்ல சுடிதாரோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

அப்புறம் அவளைப் பார்க்கவே முடியவில்லை. பிள்ளைகளோடு குளத்து மடைக்குப் போனாள், பம்ப் ஷெட்டுக்குப் போனாள், மெஸ்ஸில் உட்கார்ந்து தேங்காய்ப்பால் சொதியும் சாதமும் சாப்பிட்டாள். கல்லூரி பற்றி நான் விசாரித்தேன். பெரிய கம்பெனிகள் அவ்வளவாக வருவதில்லை. பஸ் குறைவு. ஹாஸ்டலில் மழைக்காலத்தில் தேள் வருமாம்.

லாட்ஜுக்கு வந்ததும் கோதை தொண்டை வலிக்கிறது என்று வெந்நீர் கேட்டாள். சாரல் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஊர் அவள் உடம்புக்குச் சரிப்படாது.

ஜூன் 29

அருவி. சாந்தாமணியை வெளியே இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்லூரிப் பெண் மாதிரி கத்துகிறாள்.

ஜூலை 5

தரவரிசை வந்துவிட்டது. பெரிய காலேஜ் கட்டாயம் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மச்சான் காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார். கோதை சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே இருக்கிறாள். பயணக் களைப்பு இன்னும் தீரவில்லை.

ஜூலை 16

எந்தக் கல்லூரி முதல் விருப்பம், எது இரண்டாவது என்று கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் கெடு நாளையோடு முடிகிறது. மதியம் பன் தட்டுகளை அடுப்பில் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். கோதை மாவு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அப்பா, நான் ஒன்னு சொல்லோணும். நடுவால பேசாதீங்க."

"நான் எங்க கண்ணு பேசறேன்?"

"இப்ப பேசறீங்களே."

வாயை மூடிக்கொண்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதப் பார்க்கிறேன். இடையிடையே நின்றாள், கண்ணை இறுக்கிக்கொண்டாள், ஒரு வார்த்தையை விட்டுவிட்டு வேறு வார்த்தைக்குப் போகாமல் அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள். அதையெல்லாம் எழுத முடியாது.

"மெட்ராஸ் காலேஜ் நல்ல காலேஜ்தானுங்கப்பா. அந்த நாமக்கல் பையனுக்கெல்லாம் அதுதான் சொர்க்கம். எனக்கும் கஷ்டமே இருக்காது. நாலு வருசமும் வாயத் தொறக்காம படிச்சு, மார்க் வாங்கி, வேலைக்கும் போயிர்லாம். பூர்ணிமான்னு கூப்பிட்டாலும் தலையாட்டிட்டு இருந்துர்லாம். பள்ளிக்கூடத்துல அப்படித்தானே இருந்தேன்? அது எனக்கு ரொம்பச் சுலபம். அதனாலதான் பயமா இருக்குது. அப்படியே இருந்து பழகிப் போயிருமுங்கப்பா."

எனக்கு ஒரு பதில் வந்தது. விழுங்கினேன்.

"செங்குளத்துல அன்னிக்கு எவ்வளவு பேசுனேன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? ஊட்டுக்கு வெளிய அவ்வளவு நான் பேசுனதே இல்ல. ராத்திரி தொண்ட வலிச்சுது."

அடுப்பிலிருந்து வாசம் மாறியது. எனக்குத் தெரிந்தது. பத்து வயதிலிருந்து அடுப்படியில் நிற்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"அங்க படிச்சா என்ன வேலன்னு கேப்பீங்க. தண்ணி வராத ஊரு எத்தனை இருக்குது? வேல இல்லாமயா போயிரும்? எனக்கு அந்தக் கடைமடைய அளக்கோணும். நானே அளந்து, நானே எந்திரிச்சு நின்னு சொல்லோணும். அவ்வளவுதானுங்கப்பா. இப்ப பேசுங்க."

சாந்தாமணி ஓடிவந்து அடுப்பைத் திறந்தாள். பன் எல்லாம் கரி. கடை முழுக்கப் புகை. புகையில் என் கண்ணெல்லாம் எரிந்து தண்ணீராகக் கொட்டியது.

"தேள் வருமாமா கண்ணு" என்றேன்.

"நானும் பாத்தேனுங்கப்பா. சின்னதுதான்."

ஜூலை 17

காலையில் கோதை பதிவு செய்தாள். முதல் விருப்பம் மேலச்செங்குளம். பட்டனை அவளே அமுக்கினாள். நான் பக்கத்தில் நின்று டீ குடித்தேன்.

மச்சானுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. போன் செய்தேன். கேட்டதும் வெடித்தார்.

"கிறுக்குப் புடிச்சிருக்குதா மாப்ள? மெட்ராஸ் காலேஜ் கெடைக்காதான்னு ஊரு ஏங்குது. நீங்க வாய்க்கா வெட்டப் புள்ளைய அனுப்பறீங்களா? நான் கம்பெனியில என்னன்னு சொல்லுவேன்? அவகிட்டக் குடுங்க போன!"

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். "மாமா, எனக்குப் ப்..." என்று கோதை ஆரம்பித்தாள்.

"பயமா? மெட்ராஸ்னா பயமா கண்ணு? அதுக்கு மாமன் இருக்கறேன். நான் பாத்துக்..."

"மச்சான்" என்றேன். "அவளே சொல்லட்டும்."

"இல்ல மாப்ள, நான் என்ன சொல்றேன்னா..."

"அவளே சொல்லட்டுமுங்க. உங்களுக்கு என்ன பஸ்ஸா போகுது?"

மச்சான் பேச்சை நிறுத்தினார். சாந்தாமணி என்னை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. என் மூஞ்சியில் மாவு ஒட்டியிருந்ததோ என்னவோ.

"எனக்குப் பிடிச்சிருக்குதுங்க மாமா" என்றாள் கோதை. "பயம் இல்ல. பிடிச்சிருக்குது."

மச்சான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஆனால் போனை வைக்கும்போது, "அந்த ஊருக்குத் திருப்பூர்லருந்து பஸ் இருக்குதா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 3

கிடைத்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்த பேப்பரைக் கிழித்தேன். பசை போகவில்லை. சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 24

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். மச்சானும் வந்தார். ஒரு பெட்டி நிறைய பனியன் கொண்டுவந்து ஹாஸ்டல் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார். முப்பிடாதி அவரையும் மாமா என்று கூப்பிட்டுவிட்டாள். குளத்தைக் காட்டி, கரை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று அவள் விளக்க, மனிதர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அமெரிக்கா பேச்சை எடுக்கவே இல்லை.

கிளம்பும்போது கோதை அழவில்லை. வருகிற வழியெல்லாம் சாந்தாமணி, நான் அழுததாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சாரல் அடித்தால் முகம் நனையத்தான் செய்யும்.

ஆகஸ்ட் 30

வீட்டில் சத்தமே இல்லை. அவள் பேசிப் பேசி வீட்டை நிரப்பியவள் இல்லைதான், ஆனாலும் வெறிச்சென்று இருக்கிறது.

போனில், "சாப்ட்டயா?" என்றால் "சாப்ட்டேன்" என்கிறாள். "எப்படி இருக்குது?" என்றால் "நல்லாருக்குது" என்கிறாள். சென்னை போய் வந்த அன்றும் இதே 'நல்லாருந்துச்சு'தான். தப்பான இடத்தில் விட்டுவிட்டோமோ?

செப்டம்பர் 19

மாலை நாலு மணிக் கூட்டம். டீ ஒரு பக்கம், பஃப்ஸ் ஒரு பக்கம். கோதை போன் செய்தாள். இந்த நேரத்தில் ஒருநாளும் செய்யமாட்டாள். பதறி எடுத்தேன்.

"அப்பா, நான் இன்னிக்கு ச... சண்ட போட்டேன்."

"ஆரோட?"

"முப்பிடாதி அக்காவோட."

என்ன ஏது என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கல்லாவில் ஒருவர், "அண்ணா, மீதிச் சில்லற" என்றார். கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

அவள் சொன்னாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற வேகத்தை இரண்டு பேரும் அளந்திருக்கிறார்கள். முப்பிடாதி எழுதிய கணக்கு தப்பு என்று கோதை சொல்லியிருக்கிறாள். சரிதான் என்று அவள். தப்புதான் என்று இவள். கரையில் ஆரம்பித்து, வரப்பு வழியாக வந்து, மெஸ்ஸில் தட்டை வைத்துக்கொண்டும் விடவில்லை. மெஸ் அக்கா இரண்டு பேரையும் வெளியே போய்ச் சண்டை போடச் சொல்லிவிட்டாராம். வெளியே போயும் போட்டிருக்கிறார்கள். 'க'வில் நின்றபோது முப்பிடாதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சொல்லுட்டி, சொல்லி முடி, அப்புறம் நான் குடுக்கேன் ஒனக்கு" என்று காத்திருந்தாளாம்.

இதைச் சொல்லி முடிக்கக் கோதைக்கு வெகுநேரம் ஆனது. சிரிப்பு வேறு. கடையில் டீ கேட்டவர்கள் தாங்களே போட்டுக் குடித்தார்கள்.

"கடசியில ஆரு சொன்னது கண்ணு சரி?"

"சார் வந்து அளந்து பாத்தாருங்கப்பா. அக்கா சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு!"

முதல் பரிசு வாங்கியவள் மாதிரி சொன்னாள். வேதியியலில் ஒரு மார்க் போனதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவள். அடுத்த வாரம் வேறொரு கணக்கில் முப்பிடாதியை மடக்கப் போகிறாளாம்.

போனை வைத்தேன். சாந்தாமணி கை கழுவாமலேயே உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "என்னங்க? புள்ளைக்கு என்ன?"

"சண்ட போட்டிருக்கறா."

"நம்ம கோதையா?"

"நம்ம கோதைதான். கத்திக் கத்தி, மெஸ்ஸ விட்டே வெளிய அனுப்பிட்டாங்களாமா."

சாந்தாமணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "செயிச்சுட்டாளா?"

"தோத்துட்டா" என்றேன்.

அவள் ஆரம்பித்தாளா நான் ஆரம்பித்தேனா தெரியவில்லை. கூட்டமாக நின்ற வாடிக்கையாளர்கள் முன்னால் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தோம். இன்று கடையில் புகை ஒன்றும் இல்லை.